பாடும் திருப்பாடும்: எண்ணூர் மீன் கூடைக்குள் ஒரு விசுவாசப் பாடம்!

வடசென்னையில் ஒரு மீனவரின் பெயரில் ஒரு பேட்டையே இருக்கிறது. ராயபுரம்! இயேசுவின் சீடர்களில் முதன்மையானவரான பேதுருவை பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'ராயப்பர்' என்றுதான் அழைத்தார்கள். அந்த ராயப்பரின் பெயரால்தான் ராயபுரம் வந்தது என்பார்கள். அங்கே இருக்கும் ராயப்பர் கோயிலைக் கட்டியவர்கள் ராஜாவும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை... படகோட்டிகள். மெட்ராஸுக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலில் இருந்து ஆட்களையும் சரக்கையும் மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவர்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது.

தங்களுக்கு ஒரு காவலரைத் தேடியபோது, அவர்கள் தங்களைப் போலவே தண்ணீரில் பிழைத்த ஒருவரைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சர்யம் இல்லை.

அதே ராயபுரத்தில் இருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் புகைபோக்கிகள், கண்டெய்னர் லாரிகள், ராட்சதக் குழாய்கள். நடுவே மீனவக் குப்பங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் குப்பங்களில் ஒன்றில் மீன் கூடை சுமக்கும் ஒரு மூதாட்டி. பெயர் வேண்டாம், 'ஆயா' என்றே வைத்துக்கொள்வோம். தெருவில் எல்லோருக்கும் அவர் ஆயாதான். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. ஞாயிறு பூசைக்குத் தவறுவதில்லை. அவரோடு இருக்கும் பேத்தி கல்லூரியில் பி.காம் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறார்.

அந்த வகுப்புக்காகப் பேத்திக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. 'அன்றாட வாழ்க்கையில் இருந்து ஒரு விசுவாசப் பாடம்'. வாரம் ஒன்று சொல்ல வேண்டும். பேத்தி என்ன செய்வார்? எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். போனை எடுத்துத் தேடினார். கழுகு தன் இறகைப் பிடுங்கிக்கொண்டு புதுப் பிறவி எடுத்த கதை, பென்சிலும் ரப்பரும் பேசிக்கொண்ட கதை, கூட்டுப்புழு பட்டாம்பூச்சியான கதை... வாட்ஸ்அப்பில் பத்து வருடமாகச் சுற்றும் அத்தனையும் வந்து விழுந்தன.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆயா ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தக் கழுகை நீ பார்த்துருக்கியா கண்ணு? நம்ம பசங்க பார்த்துருக்குதா? இந்தக் கூடையில இல்லாத கதையா?"

அந்த வாரத்தில் இருந்து பேத்தியின் பாடங்கள் கூடைக்குள் இருந்தே வரத் தொடங்கின.

வெறும் வலை

ஆயாவின் மகன் கழிமுகத்தில் மீன் பிடிப்பவர். விடியற்காலையில் வலையோடு திரும்புவார். சில நாள் மடவை, கிழங்கான், இறால். பல நாள் வலையில் சேறும் பிளாஸ்டிக்கும்தான். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து படிந்து ஆற்றின் ஆழம் குறைந்துபோன கதை எண்ணூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். முன்பு படகு போன இடத்தில் இப்போது முழங்கால் அளவுத் தண்ணீர்.

லூக்கா நற்செய்தியில் பேதுரு அழைக்கப்படும் காட்சியும் இப்படிப்பட்ட ஒரு விடியல்தான். ராத்திரி முழுக்க வலை வீசியும் ஒன்றும் கிடைக்கவில்லை. வெறும் கையோடு கரைக்கு வந்து வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் இயேசு படகில் ஏறுகிறார். அதன் பிறகு வலை கிழியும் அளவுக்கு மீன். இந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மீன் குவியலைத்தான் பேசுவார்கள்.

ஆயாவின் கண் விழுந்தது வேறு இடத்தில். "மீனே இல்ல... அப்புறம் எதுக்கு வலைய அலசுனாங்க? கோவத்துல தூக்கிக் கடாசிட்டுப் போய்ப் படுத்துருக்கலாமே? நாளைக்கு வேணும்னுதான அலசுனாங்க. அதான் கண்ணு விசுவாசம்."

இது தொழில் தெரிந்தவர் சொல்லும் விளக்கம். அலசாத வலை நாறும். சிக்கு எடுக்காத வலை மறுநாள் விரியாது. மீன் கிடைத்த நாளில் வலையைப் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் எளிது. ஒன்றும் கிடைக்காத நாளில், தூக்கம் கண்ணை இழுக்கும்போது, உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகச் சுத்தம் செய்வதற்கு மனதில் ஒரு நம்பிக்கை வேண்டும். வேலை கிடைக்காத பையன் மறுநாள் இன்டர்வியூவுக்குச் சட்டையை அயர்ன் செய்து மாட்டி வைப்பதும், மருந்து கேட்காத அம்மாவுக்கு மகள் நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் இதே ஜாதி நம்பிக்கைதான்.

பிள்ளைகளுக்கு அன்று பேத்தி சொன்னது அந்தப் பாடத்தைத்தான். கழுகு வரவில்லை.

கொசுறு

ஆயா மீன் விற்பது தராசில் அல்ல, கூறில். சாலையோரத்தில் சாக்கு விரித்து, சின்ன மீன்களைக் கூறு கூறாகப் பிரித்து வைப்பார். வருகிறவர்கள் பேரம் பேசுவார்கள். ஆயாவும் விட மாட்டார். ஒரு வழியாக விலை படிந்து, காசு கைக்கு வந்து, மீன் பைக்குள் போன பிறகு, இன்னும் நாலு மீனை அள்ளிப் போடுவார். கொசுறு!

"கேக்கும்போது குடுக்க மாட்ட... எல்லாம் முடிஞ்சப்புறம் சும்மா குடுக்குற. இன்னா கணக்கு ஆயா இது?" என்றார் பேத்தி ஒரு நாள்.

"பேரம் பேசி வாங்குனா அது விலை. பேரம் முடிஞ்சப்புறம் வர்றதுதான் கொசுறு" என்றார் ஆயா.

கிறிஸ்தவ இறையியலில் 'அருள்' என்று ஒரு சொல் உண்டு. சீர்திருத்தச் சபையினர் 'கிருபை' என்பார்கள். தகுதி பார்த்துத் தரப்படுவது இல்லை, சம்பாதித்துப் பெறுவதும் இல்லை, இலவசமாகத் தரப்படுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். 16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் சபைகள் பிளவுபட்டதற்கே இந்தச் சொல் பற்றிய வாதம் ஒரு முக்கியக் காரணம். அந்தச் சொல்லுக்கு எண்ணூர் மீன் சந்தையில் ஒரு பெயர் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும் பெயர்.

ஆயாவும் நேர்ச்சை வைப்பவர்தான். ஆகஸ்ட் மாதத்தில் சென்னையில் இருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுபவர்தான். ஆனால், 'இதைக் கொடுத்தால் அதைச் செய்கிறேன்' என்று மாதாவிடம் பேசுவதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் பேரம். "பேரம் பேசட்டும், தப்பில்ல. அம்மாகிட்டதான பேசுறோம். ஆனா, நமக்குக் கெடைச்சதுல பாதி நாம கேக்காமலே வந்தது கண்ணு."

யாருக்குப் பாடு?

பழவேற்காடு ஏரியில் இருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கழிமுகப் பகுதியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. பாடு என்றால் முறை. நல்ல மீன் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். வலை போடுபவர்கள் நிறைய. பலம் உள்ளவன் தினமும் அங்கேயே வலை கட்டினால் மற்றவர் வீட்டில் உலை கொதிக்காது. அதனால் இடத்தையும் நாளையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பழவேற்காட்டில் தலைக்கட்டுக் கணக்குப் பார்த்து, சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது வழக்கம். இன்று உன் பாடு, நாளை என் பாடு. பிறகு சண்டை கிடையாது.

சீட்டு என்றதும் விவிலியம் தெரிந்தவர்களுக்கு ஒரு சம்பவம் நினைவு வரலாம். யூதாஸ் விட்டுச் சென்ற இடத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது சீடர்கள் செய்ததும் அதேதான். இரண்டு பேரை நிறுத்தி, சீட்டுப் போட்டார்கள். மத்தியாசுக்கு விழுந்தது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பாடு என்றால் கஷ்டம். வயிற்றுப்பாடு, பெரும்பாடு, பாடுபட்டுச் சேர்த்த பணம். கத்தோலிக்கக் கோயில்களில் புனித வெள்ளியன்று வாசிப்பது ஆண்டவருடைய 'திருப்பாடுகள்'. கழிமுகத்துக்காரர்களுக்கு மட்டும் இந்த இரண்டு சொல்லும் ஒரே ஓசையில் காதில் விழுகின்றன. என் முறை, என் வேதனை. தன் முறை வந்தபோது விலகி ஓடாமல் நின்றவர் என்று இயேசுவைப் பற்றிச் சொன்னால், பாடு தெரிந்த பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இங்கே நிறுத்தியிருந்தால் அழகான பாடம். ஆனால், வகுப்பில் ஒரு பொடியன் எழுந்து கேட்டுவிட்டான். "அக்கா, கையில இறால் புடிக்கிறாங்களே... அவங்களுக்குப் பாடு உண்டா?"

அவன் கேட்டது இருளர் குடும்பங்களைப் பற்றி. படகு கிடையாது, வலை கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த 'பறி'யின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, பிடிக்கும் இறாலை அதில் போடுவார்கள். பாடு என்பது தலைமுறை தலைமுறையாக வலை உரிமை உள்ள குடும்பங்களுக்கு இடையே நடக்கும் ஏற்பாடு. அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களுக்குச் சீட்டு விழாது.

பேத்தியிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னார். ஆயாவும் உடனே பதில் சொல்லவில்லை. அவரே அந்தக் கை இறாலை வாங்கி விற்பவர்தான். படகில் வரும் இறாலுக்கு ஒரு விலையும், பறியில் வரும் இறாலுக்கு அதைவிடக் குறைந்த விலையும் கொடுப்பது அவர் பல வருடங்களாகச் செய்துவந்தது. எல்லோரும் செய்வதுதான்.

மத்தேயு நற்செய்தியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வருவார். காலையில் வந்தவனுக்கும், யாரும் வேலைக்குக் கூப்பிடாததால் சாயங்காலம் வரை சந்தையில் நின்றவனுக்கும் ஒரே கூலி கொடுப்பார். அடுத்த வாரத்துக்குப் பேத்தி தேர்ந்தெடுத்த பகுதி அதுதான். ஆயா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுநாள் காலை முதல் இரண்டு இறாலுக்கும் ஒரே விலை. ஆயாவின் லாபத்தில் கொஞ்சம் குறைந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

அந்த டிசம்பர் ராத்திரி

அன்றாட வாழ்க்கையில் பாடம் தேடும் பழக்கத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அது எண்ணூரில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் கொட்டிய எண்ணெய் கரையில் கரும் பாகாக ஒதுங்கியது. இளைஞர்களும் மீனவர்களும் வாளி வாளியாக அதை அள்ளிய படங்களைப் பலர் பார்த்திருப்பார்கள். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். மணலிப் பகுதியில் இருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகத்தை மூடியது. படகு, வலை, அலையாத்திச் செடிகள், வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பு. அந்தக் கறை காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், பெரியகுப்பம் அருகே கடலுக்கு அடியில் செல்லும் குழாயில் இருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல். மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 40-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள். சுனாமி வந்து சரியாக 19 வருடங்கள் முடிந்த நாள்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு ஜெபக் கூட்டத்தில் ஒருவர், 'இது ஆண்டவர் நமக்குக் கொடுத்த எச்சரிப்பு' என்று பேசினார். கேட்டுவிட்டு வந்த பேத்தி கோபமாகத்தான் கேட்டார். "அமோனியாவும் சாமி நடத்துன பாடமா ஆயா?"

"சாமி மேல பழி போடாத கண்ணு. பைப்பு போட்டது மனுஷன். பார்த்துக்காம வுட்டதும் மனுஷன்."

மூன்றாம் வகுப்பு படித்த ஆயாவின் இந்தப் பதில் நற்செய்திக்கு மிக அருகில் இருக்கிறது. எருசலேமில் சிலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் இறந்துபோனதைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 13-ம் அதிகாரத்தில் பேச்சு வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்று இயேசு அழுத்தமாக மறுக்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் தங்கள் வாழ்க்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, 'இது யார் செய்த பாவம்' என்று சீடர்கள் கேட்டபோதும் அப்படித்தான். அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு, அந்த மனிதருக்குப் பார்வை கொடுக்கும் வேலையைப் பார்க்கிறார்.

விதை, புளித்த மாவு, உப்பு, விளக்கு, வலை, வீட்டைப் பெருக்கிக் காசு தேடும் பெண்... இயேசுவின் உவமைகள் பலவும் மனிதர்களின் வேலையில் இருந்து எடுக்கப்பட்டவை. அடுத்தவரின் விபத்தைப் பாடமாக்கி அவர்கள் தலையிலேயே அவர் கட்டவில்லை. இந்த வித்தியாசம் முக்கியமானது. கஷ்டப்பட்டவர்களுக்கு நாம் பாடம் எடுக்கக் கூடாது. அவர்களைப் பார்த்து நாம்தான் பாடம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ராத்திரியில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆயா வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பியவர் எதிர்வீட்டு அம்மா, எல்லையம்மன் பக்தை. முதலில் தன் பிள்ளைகளோடு ஓடியிருக்கலாம். ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, வரிசையாகக் கதவுகளைத் தட்டிக்கொண்டே போனார். அடுத்த ஞாயிறு பேத்தியின் வகுப்பில் நல்ல சமாரியன் கதை. சமாரியனுக்குப் பதில் எதிர்வீட்டு அம்மா. பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும்.

சமையற்கட்டு ஞானிகள்

இப்படித் தேடுவது எண்ணூரில் தொடங்கியது இல்லை. 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் லாரன்ஸ் என்ற துறவி இருந்தார். பெரிய படிப்பு இல்லை. சமையற்கட்டு வேலை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் ஜெபத்தில் இருப்பது போலவே கடவுளோடு இருக்க முடியும் என்பதுதான் அவருடைய அனுபவம். அவர் 1691-ல் இறந்த பிறகு, அவருடைய கடிதங்களும் பேச்சும் தொகுக்கப்பட்டு இன்றுவரை உலகம் முழுக்கப் படிக்கப்படுகின்றன.

தமிழிலும் உண்டு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), கோயில் தெருக்களில் எல்லோரும் ரசித்துவந்த குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். அதில் கூடையோடு வந்து குறி சொல்லும் குறத்திக்கு அவர் வைத்த பொருள் என்ன தெரியுமா? விசுவாசம்! தெருவில் பார்த்த பெண்ணிடமே அவர் விசுவாசத்தைக் கண்டார்.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மீனவர்களுக்குத் தமிழிலேயே ஜெபங்கள் கற்றுக்கொடுத்த பிரான்சிஸ் சவேரியாரைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய நண்பர், இயேசு சபையை நிறுவிய இக்னேசியஸ் லொயோலா, ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். நாள் முடியும்போது உட்கார்ந்து, அன்றைய நாளைக் காலையில் இருந்து ஒருமுறை திருப்பிப் பார்ப்பது. நன்றி சொல்வது. எங்கே தவறினோம் என்று பார்ப்பது. நாளைக்கு உதவி கேட்பது.

ஆயாவுக்கு இக்னேசியஸ் தெரியாது. ஆனால், ராத்திரி ஜெபமாலை முடித்துப் பாயை விரிக்கும் முன் அவர் பேத்தியிடம் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம்.

இன்னைக்குக் கேக்காம இன்னா கெடைச்சுது?

இன்னைக்கு யாரோட பாட்டை நாம எடுத்துக்கிட்டோம்?

நாளைக்கு அலச வேண்டிய வலை எது?

எந்த மதத்துக் குடும்பமும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் கேட்டுப் பார்க்கலாம். போனில் வரும் கழுகுக் கதையைவிட நல்ல கதைகள் வீட்டுக்குள்ளேயே இருப்பது தெரியவரும்.

ஜெபம் முடிந்தது, இன்னும் ஒன்று

மூன்றாவது கேள்விக்கு ஆயா வீட்டில் சில நாள் கிடைக்கும் பதில் கொஞ்சம் பெரியது. அமோனியா கசிவுக்குப் பிறகு எண்ணூர் மக்கள் பல நாட்கள் பந்தல் போட்டு உட்கார்ந்து போராடினார்கள். எண்ணெய்க் கசிவுக்கும் சாம்பலுக்கும் எதிரான வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின. ஆற்றைத் தூர்வாரக் கேட்டு மனுக்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

அப்படி ஒரு மனு, ஒரு ஞாயிறு பூசை முடிந்த நேரத்தில் தெருவுக்கு வந்தது. கோயிலுக்குப் போன சேலையோடு வாசலில் நின்ற ஆயாவிடம், "இதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டு இன்னா ஆவப்போவுது ஆயா... ஜெபம் பண்ணுங்க, அது போதும்" என்றார் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்.

"ஜெபம் இப்பதான் பண்ணிட்டு வந்தேன். இது பாக்கி" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார் ஆயா. எழுதி முடிக்க அரை நிமிடம் ஆனது. பிறகு பேனாவை எதிர்வீட்டு அம்மாவிடம் நீட்டினார்.